ஒரு பிள்ளைக்கு எத்தனை ஞானத்தாய்

அந்தோனியம்மாவின் சேலையை நனைக்காத பிள்ளை அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இல்லை. நமுனுகுல மலைக்குக் கீழே, மேல் லயம், கீழ் லயம் என்ற இரண்டு குடியிருப்பு வரிசைகளுக்கும் நடுவில் இருக்கிற பிள்ளைக்காம்பராவில் அவள் வேலைக்குச் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. தாய்மார் காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில் பிள்ளைகளை அவள் மடியில் போட்டுவிட்டுப் போவார்கள். அந்தியில் கொழுந்து நிறுத்து முடிந்ததும் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். இடையில் பால், கஞ்சி, தாலாட்டு, மூக்குச்சளி எல்லாம் அவள் பொறுப்பு. அவளிடம் வளர்ந்த பயல்கள் இன்றைக்கு மீசை வைத்துக்கொண்டு பாட்டு அலற முச்சக்கர வண்டி ஓட்டுகிறார்கள். அவளைக் கண்டால் மட்டும் சத்தத்தைக் குறைத்து, மூக்கைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

இத்தனை பிள்ளைகளைத் தூக்கியவளை ஒரு பிள்ளைக்குக்கூட ஞானத்தாயாக இருக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

ஞானத்தாய் என்றால் அந்தப் பக்கத்தில் லேசுப்பட்ட பதவியில்லை. ஞானஸ்நானத்தன்று பிள்ளையை ஏந்தி நிற்பவள் அவள். வெள்ளைச் சட்டை தைத்துக் கொண்டுவருபவள் அவள். அந்தப் பிள்ளையின் கல்யாணம் வரைக்கும் முன்வரிசை நாற்காலியில் உரிமையோடு உட்காருபவளும் அவள்தான். யாரைக் கேட்டார்கள், யாரை விட்டார்கள் என்பதில் பேச்சுவார்த்தை அறுந்துபோன குடும்பங்கள் ஒவ்வொரு லயத்திலும் உண்டு. அந்தோனியம்மாவின் முறை வரும்போது மட்டும், "அவளுக்குத்தான் எல்லாப் புள்ளையும் புள்ளதானே" என்று தேன் தடவிப் பேசிவிட்டு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். வாயால் சொல்லாத காரணம் ஊருக்கே தெரியும். அவளுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன இடத்தில் திரும்பி வருகிற பஸ்ஸை மறந்துவிட்டான். அப்படிப்பட்டவளை நல்ல காரியத்தில் முன்னால் நிறுத்துவார்களா? அடுப்படியில் நிறுத்துவார்கள். ஊரில் நடந்த ஞானஸ்நானத்துக்கெல்லாம் ஆட்டுக்கறி ஆக்கிப் போட்டவள் அவள்தான்.

அவளிடம் சந்தன நிறத்தில் ஒரு பட்டுச்சேலை இருந்தது. சித்தி மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது, இந்தத் தடவை நம்மைத்தான் கேட்பார்கள் என்று நம்பி பண்டாரவளைக்குப் போய் வாங்கினாள். கேட்கவில்லை. பூச்சி உருண்டைகளோடு தகரப் பெட்டிக்குள் போன சேலை, வருஷத்துக்கு ஒரு தடவை வெயிலில் காய வெளியே வந்து, மறுபடி உள்ளே போனது. அது எதற்கு வாங்கிய சேலை என்று எல்லாருக்கும் தெரியும். தெரியாத மாதிரி எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அவளுடைய தம்பி ஜூட், அவள் தூக்கி வளர்த்தவன். கட்டாரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்யப் போனவன், அங்கே பாத்திரத்தோடு பாத்திரமாக மனசையும் கழுவிக்கொடுத்துவிட்டு, மரிசெல் என்ற பிலிப்பைன்ஸ் பெண்ணைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்து சேர்ந்தான். வந்ததும் எல்ல என்ற மலையூரில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை கிடைத்தது. வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவான். மரிசெல் அந்தோனியம்மாவோடு இருந்தாள்.

பேச்சுத்துணைக்காக நாத்தனாரோடு பிள்ளைக்காம்பராவுக்கு வந்து உட்கார்ந்து உட்கார்ந்தே மரிசெல் தமிழ் படித்தாள். அவளுக்கு வாத்தியார்கள் எல்லாரும் மூன்று வயதுக்காரர்கள். ஆகவே அவள் தமிழும் மூன்று வயதுத் தமிழாகவே வளர்ந்தது. தோட்டத்துத் துரை ஒருநாள் பார்வையிட வந்தபோது, "நீ ஒக்காரு. கை கழுவிட்டியா?" என்று கேட்டுவிட்டாள். துரை கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஊவா மாகாணம் முழுக்கத் தேடியதில் மரிசெல்லுக்குத் தன் நாட்டார் இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருத்தி ரொவெனா, எல்லவில் வெள்ளைக்காரர்களுக்குக் கால் பிடித்துவிடுகிற வேலை. மற்றவள் லூர்தஸ், பண்டாரவளையில் ஒரு எஞ்சினியரைக் கட்டிக்கொண்டு முப்பது வருஷமாகக் குளிரைத் திட்டிக்கொண்டிருப்பவள், நம் தமிழை நம்மைவிட வேகமாகப் பேசுவாள். மூன்று பேர் சந்தித்தால் நாம் தேத்தண்ணி குடிப்போம். அவர்கள் சங்கம் வைத்தார்கள். மரிசெல் தலைவி, ரொவெனா செயலாளர், லூர்தஸ் பொருளாளர். பாட்டுப் பாடினால் புள்ளி போடுகிற கரோக்கே மெஷின் ஒன்று சங்கத்தின் சொத்து. எல்லாம் ஆனபிறகுதான் லூர்தஸுக்குச் சந்தேகம் வந்தது. பதவிக்காரர்கள் இருக்கிறார்கள், உறுப்பினர் எங்கே?

அந்த ஞாயிற்றுக்கிழமை மரிசெல்லுக்குக் குடை பிடித்துக்கொண்டு லூர்தஸ் வீட்டுக்குப் போயிருந்த அந்தோனியம்மா, திரும்பி வரும்போது ஊவா பிலிப்பினோ சங்கத்தின் ஒரே உறுப்பினராக வந்தாள்.

பதவியில் இருப்பவர்களோ பதவிக்கு நிற்பவர்களோ ஓட்டுப் போடக்கூடாது, போட்டால் தங்களுக்கே போட்டுக்கொள்வார்கள் என்பது லூர்தஸ் கொண்டுவந்த சட்டம். அதனால் சங்கத்தின் தீர்மானங்கள் எல்லாம் அந்தோனியம்மாவின் ஒரே ஓட்டில் ஏகமனதாக நிறைவேறின. கேக்கைப் பாடுவதற்கு முன்னால் வெட்டுவதா, பின்னால் வெட்டுவதா என்பதற்குக்கூட ஓட்டு. முன்னால் என்பவர் ஒரு பக்கமும் பின்னால் என்பவர் மறுபக்கமும் உட்கார்ந்து அவள் தட்டில் பலகாரம் வைப்பார்கள். பாராளுமன்றத் தேர்தல் நேரத்தில்கூட அவளை யாரும் இப்படித் தாங்கியதில்லை. ஒருநாள் அவளையும் பாடச் சொன்னார்கள். மெஷினில் ஓடிய ஏதோ ஆங்கிலப் பாட்டின் இசைக்கு மேலே தனக்குத் தெரிந்த மாதா பாட்டை ஏற்றிப் பாடினாள். மெஷின் தொண்ணூற்றேழு போட்டது. தலைவிக்கு அன்றைக்கு அறுபதுதான். வீடு வந்து சேரும்வரை தலைவி உறுப்பினரோடு பேசவில்லை.

இப்படி இருக்கையில் பதுளை ஆஸ்பத்திரியில் மரிசெல்லுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. தகப்பன் பேரில் பாதி, தாய் பேரில் பாதி வெட்டி ஒட்டி 'ஜூமார்' என்று பேர் வைத்தார்கள். அவர்கள் நாட்டில் அது வழக்கமாம். சவர்க்காரத்துக்கு வைக்கிற பேர் மாதிரி இருக்கிறதே என்று அந்தோனியம்மாவுக்குத் தோன்றியது, ஆனால் சொல்லவில்லை. அவள் நினைப்பெல்லாம் வேறு இடத்தில். தம்பி பிள்ளை. தாய் வீட்டுச் சனம் கடலுக்கு அப்பால். இந்தத் தடவை தன்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? சேலையை எடுத்து வெயிலில் போட்டாள். அந்த வருஷத்தில் அது இரண்டாவது தடவை.

மரிசெல் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது அந்தோனியம்மாவுக்குத் தெரியாது, நாம் தெரிந்துகொள்ளலாம். மரிசெல்லின் ஊர் பிலிப்பைன்ஸில் இலோயிலோ. அங்கே ஒரு பிள்ளைக்கு ஞானத்தாய், ஞானத்தகப்பன் எத்தனை பேர் என்று கேட்டால், மண்டபத்தில் எத்தனை பேருக்கு இடமிருக்கிறது என்று திருப்பிக் கேட்பார்கள். நம்மோடு நன்றாகப் பழகின வெளியாட்களை உறவாக்கிக்கொள்கிற வழி அது. கேட்காமல் விட்டால் அவர்களுக்கு அவமானம். கேட்டு அவர்கள் மறுத்தால் பிள்ளைக்கு ஆகாது. நல்ல குடும்பத்துப் பெண்ணான மரிசெல், வந்த நாட்டில் தனக்கு நல்லது செய்த ஒருவரையும் விடவில்லை. பக்கத்து லயத்து ரெங்கம்மா, மசக்கைக்குப் புளி கொடுத்தவள். கடை வைத்திருக்கிற, ஊரே நானா என்று கூப்பிடுகிற ஹபீஸ், வயிற்றுப்பிள்ளைக்காரி என்று முந்திரிவத்தலைக் கூடுதலாக அள்ளிப் போட்டவர். பண்டாரவளை பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுத்த கொண்டக்டர் றுஷாந்தன். கர்ப்பிணிகளைப் பார்க்க வருகிற குடும்பநல மாது, சந்தையில் கரட் விற்கிற அம்மா, கோயிலில் மணியடிக்கிறவர் எல்லாரையும் தனித்தனியாக ஓரம்கட்டி, "எம் பாப்பாக்கு நீதான் ஞானம்மா. சரியா?" என்றும், ஆண்களிடம் "நீதான் ஞானப்பா. சரியா?" என்றும் கேட்டாள்.

அப்படிக் கேட்டால் கல்லும் தலையாட்டும். ஆனால் தலையாட்டிய அடுத்த நிமிஷமே ஒவ்வொருவருக்கும் அந்தோனியம்மாவின் சந்தன நிறச் சேலை ஞாபகத்துக்கு வந்தது. பாவம், அவள் காதுக்கு இது போகக்கூடாது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவு செய்து வாயை மூடிக்கொண்டார்கள். அந்தத் தோட்டத்தில் ஒரு ரகசியம் மூன்று வாரம் தாங்கியது அது ஒன்றுதான்.

ரெங்கம்மா ஒருநாள் மார்போடு எதையோ அணைத்துக்கொண்டு ஓரமாகப் போனாள்.

"என்னா ரெங்கம்மா, பார்சலு?"

"ஒண்ணுமில்லக்கா. பழைய பேப்பரு."

பழைய பேப்பருக்கு யாரும் ரிப்பன் கட்டுவதில்லை. ஓஹோ, இவளைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்று அந்தோனியம்மாவுக்குச் சுருக்கென்றது. மாரியம்மன் கோயிலுக்குத் தீச்சட்டி எடுக்கிறவளை ஞானத்தாயாக்கினாலும் ஆக்குவார்கள், என்னைக் கேட்க மாட்டார்கள் என்று மனசுக்குள் பொருமிக்கொண்டே சீனி வாங்க ஹபீஸ் கடைக்குப் போனாள்.

"ஒங்கட கோயிலுக்குள்ள போறப்ப செருப்பக் கழட்டணுமா?" என்று ஹபீஸ் கேட்டார்.

"நீங்க எதுக்கு நானா அங்க போறீங்க?"

"சும்மா. தெரிஞ்சு வச்சுக்கிட்டா நல்லந்தானே."

அந்த வாரம் ஜூட் வந்தபோது அந்தோனியம்மா வாய்விட்டுக் கேட்காமல் சுற்றி வளைத்துப் பார்த்தாள்.

"ஞானஸ்நானத்துக்கு எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சா?"

"அதெல்லாம் மரிசெல் பாத்துக்கிட்டாக்கா."

"எல்லாம்னா?"

"எல்லாந்தான்."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற பதவியில்லை அது. மறுநாள் பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளைகள் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தன. பிறகு அவையும் சேர்ந்துகொண்டன.

ஞானஸ்நானத்தன்று காலையில் நல்ல வெயில். அந்தோனியம்மா அந்தச் சேலையைத்தான் கட்டினாள். கட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது. யாரும் கேட்காத பதவிக்கு உடுத்திக்கொண்டு போய் நிற்பதா? அவிழ்த்து வைக்கவும் மனம் வரவில்லை. ஆணியில் தொங்கிய மழைக்கோட்டை எடுத்து மேலே மாட்டி, கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் பொத்தான் போட்டாள்.

"அக்கா, மழை இல்ல" என்றாள் மரிசெல்.

"வரும்" என்றாள் அந்தோனியம்மா.

தோட்டத்து அந்தோனியார் கோயில் சின்னக் கோயில். மாதத்துக்கு ஒரு தடவை பாதர் வருவார். இந்தப் பாதர் இளவயசுக்காரர், ஊருக்குப் புதுசு. கோயில் அன்றைக்கு நிரம்பி வழிந்தது. எல்லாரும் புதுத்துணி. பொருளாளரும் செயலாளரும் முன்வரிசையில் இருந்தார்கள். அந்தோனியம்மா வெந்நீர்ப் போத்தலையும் பிள்ளைத் துணிகளையும் வைத்துக்கொண்டு, வேர்த்து ஒழுக, கதவோரம் நின்றாள். யார் எழுந்திருக்கப்போகிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும். பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடலாம்.

"ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் முன்னுக்கு வாங்க" என்றார் பாதர்.

கோயிலே எழுந்து நின்றது.

ஏதோ செபத்துக்குத்தான் எழுந்திருக்கிறார்கள் என்று நினைத்து பாதரும் ஒரு தடவை கைகூப்பினார். நின்றவர்கள் முன்னால் நடக்கத் தொடங்கிய பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. நடந்தவர்களும் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டு அப்போதுதான் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நீ எங்க போற?" என்றாள் கரட் விற்கிற அம்மா.

"என்னையத்தானே கேட்டுச்சு" என்றாள் குடும்பநல மாது.

"எங்கிட்டதான் மொதல்ல கேட்டுச்சு" என்று ரெங்கம்மா ரிப்பனை அவிழ்த்தாள். உள்ளே வெள்ளைச் சட்டை. அதைப் பார்த்து மற்றவர்களும் தங்கள் பைகளைத் திறந்தார்கள். ஒரு அனாதை மடத்துக்கே போதுமான வெள்ளைச் சட்டைகள் காற்றில் ஆடின. ஹபீஸ் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பேரீச்சம்பழப் பெட்டியோடு நடுவில் மாட்டிக்கொண்டார்.

பாதர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு திருச்சபைச் சட்டத்தைச் சொன்னார். ஒரு பிள்ளைக்கு ஒரு ஞானத்தாய், ஒரு ஞானத்தகப்பன். இருவரும் கத்தோலிக்கராக, உறுதிபூசுதல் பெற்றவராக இருக்க வேண்டும். ஹபீஸ் நிம்மதியாக உட்கார்ந்தார். மணியடிக்கிறவர், மூட்டுவலியில் இவ்வளவு நேரம் நிற்க முடியாது என்று தானே விலகிக்கொண்டார். அந்தச் சட்டத்தில் தேறி மிஞ்சியது கொண்டக்டர் றுஷாந்தன் ஒருவன்தான். அவன் ஞானத்தகப்பனாகி, பழக்கதோஷத்தில் எல்லாரையும் பின்னால் தள்ளி நிற்கச் சொன்னான்.

பெண்கள் பக்கம் அப்படித் தீரவில்லை. "பாதர், நான் மாரியம்மனுக்கு நேந்துகிட்டுல்ல வந்திருக்கேன்" என்று முறையிட்டபடி ரெங்கம்மா உட்கார்ந்தாள். அப்புறமும் ஒரு வரிசையே நின்றது.

"நீங்களே ஒருத்தரச் சொல்லுங்கம்மா" என்று பாதர் மரிசெல்லிடம் கேட்டார்.

மரிசெல்லின் கண் கலங்கியது. "பாதர், நீ கோவப்படாத. எல்லாரும் வேணும். ஒரு ஆள சொன்னா மத்த ஆளு அழும்."

முன்வரிசையில் லூர்தஸ் எழுந்தாள். "ஓட்டுக்கு விடலாம் பாதர்."

"ஓட்டா? இது கோயிலும்மா."

"பாப்பரசரையே ஓட்டுப் போட்டுத்தானே பாதர் எடுக்கிறாங்க."

அதற்குப் பதிலைக் குருமடத்தில் பாதருக்குச் சொல்லித்தரவில்லை போலும். லூர்தஸ் திரும்பிச் சனத்தைப் பார்த்துச் சங்கத்துச் சட்டத்தை விளக்கினாள். பதவிக்குக் கேட்கப்பட்டவர்கள் ஓட்டுப் போடக்கூடாது, போட்டால் தங்களுக்கே போட்டுக்கொள்வார்கள். அது நியாயம்தான் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

"சரி" என்றார் பாதர், எப்படியாவது தண்ணீரை ஊற்றினால் போதும் என்ற நிலையில். "இந்தப் புள்ளைக்கு ஞானத்தாயா இரு, ஞானத்தகப்பனா இருன்னு யாரையெல்லாம் கேக்கலையோ அவங்க மட்டும் கையத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. ஆர்மோனியம் வாசிக்கிற பெண்கூட கையைக் கீழேதான் வைத்திருந்தாள். பாதர் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் கதவோரம் ஒரு மழைக்கோட்டுக் கை, வெந்நீர்ப் போத்தலோடு, மெதுவாக மேலே போனது.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் காதுக்குப் போகக்கூடாது என்று மறைத்தது தான் ஒருத்திதான் என்று ஒவ்வொருத்தியும் நினைத்திருந்தாள். அவளைத் தவிர அத்தனை பேரையும் கேட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அந்தக் கோயிலுக்குள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. ரெங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் அக்காதான்னு நெனச்சேன்" என்றான் ஜூட், காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தபடி.

"அப்ப சொல்ல வேண்டியதுதானே" என்று கோயிலே அவன் மேல் பாய்ந்தது.

"அத வேற சொல்லணுமா?"

மரிசெல்லுக்கு எதுவும் விளங்கவில்லை. "அக்கா வீட்டு ஆளு" என்றாள். "எங்க ஊர்ல வெளி ஆள கேப்போம். அவங்க சொந்தமாயிருவாங்க. அக்கா முன்னாடியே சொந்தம். வீட்டு ஆள யாரு கேப்பா?"

எத்தனையோ வருஷமாக அந்தோனியம்மாவின் வாயில் வராத வார்த்தை, மழைக்கோட்டுக்குள்ளே வெந்துகொண்டிருந்த சூட்டில் வெளியே வந்துவிட்டது.

"வீட்டு ஆளு, வீட்டு ஆளுன்னு சொல்லித்தான் எல்லாரும் இத்தன வருஷமா என்னைய அடுப்படியில நிப்பாட்டி வச்சிருக்கீங்க. ஒரு தடவையாச்சும் வெளி ஆளா நெனச்சுக் கூப்புட்டிருக்கலாம்ல."

ஜூமார் ஒரு தடவை தும்மினான்.

"ஓட்டு யாருக்கும்மா?" என்று பாதர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

அந்தோனியம்மா போத்தலைக் கீழே வைத்தாள். வரிசையில் நின்ற பெண்களை ஒருமுறை பார்த்தாள்.

"எனக்குத்தான்" என்றாள்.

"ஏகமனதாக நிறைவேறியது" என்றாள் லூர்தஸ். மற்றவர்களுக்கு முன்னால் கைதட்டியவள் ரெங்கம்மா.

அந்தோனியம்மா மழைக்கோட்டின் பொத்தான்களைக் கழற்றினாள். நிறையப் பொத்தான்கள். பொறுமை இழந்து மரிசெல்லும் கரட் விற்கிற அம்மாவும் வந்து கீழேயிருந்து கழற்றினார்கள். உள்ளே சந்தன நிறச் சேலை, பெட்டியில் கிடந்த மடிப்பு மடிப்பாக, பூச்சி உருண்டை வாசனை கோயில் முழுக்க வீச, வெளியே வந்தது. இந்தத் தடவை யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

மற்றவர்களையும் ஆளுக்கொரு மெழுகுதிரியோடு பின்னால் நிற்கலாம் என்று பாதர் அனுமதித்துவிட்டார். ஹபீஸ்கூட ஒன்றைப் பிடித்துக்கொண்டு, செருப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். பிள்ளைக்கு எந்தச் சட்டையைப் போடுவது என்று மறுபடி தகராறு கிளம்பியதில், ஒன்றன்மேல் ஒன்றாக நாலைந்தைப் போட்டார்கள். ஜூமார் பஞ்சு மூட்டை மாதிரி அந்தோனியம்மாவின் கைக்கு வந்தான். பாதர் அவன் தலையில் தண்ணீரை ஊற்றினார். அவன் அழவில்லை. பாதர் மேலே ஊற்றிய தண்ணீருக்குச் சரியாக, இடுப்புத்துணி நனைந்து, அத்தனை சட்டையும் நனைந்து, சந்தன நிறப் பட்டில் கீழே வரைக்கும் சூடாக இறங்கியது.

"ஐயோ, அக்கா, சீல" என்று ரெங்கம்மா துவாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

அந்தோனியம்மா பிள்ளையை இன்னும் கொஞ்சம் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"விடு ரெங்கம்மா. இதுக்குத்தானே வாங்குனது."